வசந்தம் வந்தும் மகனின் இருமல் ஏன் நிற்கவில்லை? ஒரு தாயின் கடிதத்துக்கு நுரையீரல் மருத்துவரின் பதில்

நாற்புறமும் மலை சூழ்ந்த ஒரு சிறு நகரத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருடைய ஒன்பது வயது மகனுக்கு நான்கு ஆண்டுகளாக ஆஸ்துமா இருக்கிறது. குளிர்காலத்தில் விறகு அடுப்புகளின் புகையும் பனிமூட்டமும் ஊரின்மேல் படிந்து கிடந்ததால், பையனைப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வைத்து, தினமும் தடுப்பு இன்ஹேலரைத் தவறாமல் கொடுத்து, பெரிய சிரமமின்றிக் கடந்துவிட்டார்கள். குளிர் விலகி வானம் தெளிந்ததும் இனிக் காற்று சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கையில் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிட்டார். அதிலுள்ள ஸ்டீராய்டு பழகிவிடும், வளர்த்தி நின்றுவிடும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்தியதும் ஒரு காரணம். அதிகாலையில் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிடுகிறார்கள். பையன் தினமும் பிற்பகலில் பள்ளியில் கால்பந்து ஆடுகிறான்.

மூன்றே வாரங்களில் இரவு இருமல் தொடங்கிவிட்டது. இளைப்பு வரும்போது கொடுக்கும் நிவாரண இன்ஹேலரை வாரத்துக்கு நான்கைந்து முறை கொடுக்க வேண்டியிருக்கிறது. கைப்பேசிச் செயலியோ காற்றின் தரம் நன்றாக இருப்பதாகப் பச்சை நிறத்தில் காட்டுகிறது. ஜன்னல் விளிம்பில் தினமும் மஞ்சள் பொடி படிகிறது. அது ஊர் எல்லையிலுள்ள ஆலையிலிருந்து வரும் கந்தகம் என்கிறார் இவர், மகரந்தம் என்கிறார் கணவர். காலை ஒன்பது மணிவாக்கில் பள்ளி வாசலில் சிறிது நேரம் காட்டமான நெடி அடிக்கிறது. இதயநோயுள்ள மாமியார் விடியற்காலையில் நடக்கப் போகிறார். வசந்தகாலத்தில் காற்று கெடுமா, விளையாட்டை நிறுத்த வேண்டுமா, வயல்கள் சூழ்ந்த கிராமத்துக்குக் குடிபெயரலாமா, ஆலைமீது புகார் கொடுத்தால் எடுபடுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நேரமும் நாளும் குறிப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த விவரங்களால்தான் என்னால் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது. காற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிவாரண இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டாலோ, இருமலால் இரவில் தூக்கம் கலைந்தாலோ, ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்றே கொள்ள வேண்டும். எனவே உங்கள் மருத்துவரை இந்த வாரமே அழைத்து, தடுப்பு இன்ஹேலரை மறுபடி தொடங்குவது பற்றிப் பேசுங்கள். அடுத்த வழக்கமான சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சியைத் தணிப்பதே அந்த மருந்தின் வேலை. அதன் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரங்களாவது ஆகும். அதனாலேயே வசந்தத்தில் தொல்லை தருகிற ஆஸ்துமாவுக்கு, அந்தப் பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே மருந்து நிற்காமல் உடலில் இருக்க வேண்டும். நீங்கள் நிறுத்திய நேரம் அது மிகவும் தேவைப்பட்ட நேரமாக அமைந்துவிட்டது.

அந்த மருந்துக்கு உடல் அடிமையாவதில்லை. வளர்த்தியைப் பற்றிய அச்சத்துக்கு ஒரு சிறு அடிப்படை உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துக்கொண்ட குழந்தைகளின் இறுதி உயரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. இரவுதோறும் தூக்கம் கெட்டு, அடிக்கடி மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடும் குழந்தைக்கு நேரும் இழப்பு அதைவிடப் பல மடங்கு பெரியது. போதுமான மிகக் குறைந்த அளவில், ஸ்பேசர் என்னும் இடைக்குழாயைப் பொருத்தி, எடுத்த பிறகு வாயைக் கொப்புளித்துத் துப்ப வைத்தால் பக்கவிளைவுகள் இன்னும் குறையும்.

தெளிந்த வானமும் சுத்தமான காற்றும்

வசந்தம் வந்தால் காற்று தானாகச் சுத்தமாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அதில் பாதி உண்மை. குளிர்காலத்தைவிட வெயில் வலுக்கிறது, தரை சூடாகிறது, பகலில் காற்று ஒரு கிலோமீட்டருக்கும் மேலான உயரம்வரை எழுந்து கலக்கிறது. புகை அந்தப் பெரிய பரப்பில் கலந்து நீர்த்துப்போகிறது. ஆனால் இது நடப்பது பகலில் மட்டும். வசந்தகால இரவுகள் தெளிந்த வானத்தோடும் காற்றசைவின்றியும் இருக்கும்போது தரை வேகமாகக் குளிர்ந்து, அதையொட்டிய காற்றையும் குளிரவைத்துவிடுகிறது. மேலே இருப்பது வெதுவெதுப்பான காற்று. வழக்கமாக மேலே போகப்போகக் குளிர வேண்டிய வரிசை இங்கே தலைகீழாகிவிடுவதால், கீழேயுள்ள கனமான காற்று பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல் அடைபட்டுப் போகிறது. மலைகள் சூழ்ந்த உங்கள் ஊரில் சரிவுகளிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கிவந்து அடியில் தேங்குவதால் இந்த அடைப்பு இன்னும் அழுத்தமாக இருக்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விடிந்தவுடன் வீட்டுப் புகைபோக்கி ஒன்றைக் கவனியுங்கள். புகை சற்றுத் தூரம் நேராக எழுந்து, ஒரு குறிப்பிட்ட உயரத்தில் திடீரென்று மடங்கி, மலைச்சரிவையொட்டிக் கிடைமட்டமாகப் பட்டைபோல் படர்ந்து நின்றால், நீங்கள் அந்த அடைப்புக்குள் இருக்கிறீர்கள். தலைக்கு மேல் வானம் நீலமாகத்தான் தெரியும். மாலை நேரக் குளிருக்காக இன்னும் விறகு எரிக்கும் வீடுகளின் புகையும், அதிகாலை வாகனப் புகையும் அதற்குள்தான் கிடக்கின்றன. நீங்கள் ஜன்னலைத் திறப்பதும் உங்கள் மாமியார் நடப்பதும் அந்த நேரத்தில்தான்.

பிற்பகலில் வேறொரு தொல்லை. வாகனங்களும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், கரைப்பான்கள், மரங்கள் ஆகியவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் உருவாகிறது. இது கண்ணுக்குத் தெரியாது. நண்பகலுக்குப் பின் ஏறி, மாலை தொடங்கும்வரை உச்சத்தில் நிற்கும். மேல் வளிமண்டலத்தில் நம்மைக் காக்கிற ஓசோனே தரைமட்டத்தில் மூச்சுக்குழாயைப் புண்ணாக்குகிறது. கோடையில்தான் ஓசோன் தொல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். வடக்கு அரைக்கோளத்தின் மித வெப்ப மண்டலத்தில், உள்ளூர் மாசு குறைந்த இடங்களிலும்கூட அடிப்படை ஓசோன் அளவு பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் உச்சத்தைத் தொடுகிறது. ஓடியாடும்போது ஒரு குழந்தை உள்ளிழுக்கும் காற்றின் அளவு ஓய்வில் இருப்பதைவிடப் பல மடங்கு என்பதால், உங்கள் மகனின் பிற்பகல் கால்பந்தை நான் கவனத்தில் எடுத்துக்கொள்கிறேன்.

மழை பெய்தால் எல்லாம் கழுவிப்போய்விடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தூசியையும் துகள்களையும் நல்ல மழை பெருமளவு இறக்கிவிடும். ஓசோன் நீரில் எளிதில் கரையாது. மழைநாளில் அது குறைவதற்குக் காரணம் மேகம் வெயிலை மறைப்பதுதான். இடியுடன் கூடிய மழையில் நேர்மாறாகவும் நடக்கலாம். புல் மகரந்தம் மிகுந்திருக்கும் நேரத்தில் மகரந்தத் தூள்கள் ஈரம் உறிஞ்சி வெடித்து, நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய நுண்சிதறல்களை விடுகின்றன. புயலின் முன்னோடிக் காற்று அவற்றைத் தரைமட்டத்தில் அள்ளிக்கொண்டு வருகிறது. 2016 நவம்பர் 21 அன்று, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் (அங்கே அது வசந்தகாலம்) இப்படி வந்த ஒரு புயலில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்குச் சென்றனர். பத்துப் பேர் இறந்தனர். வசந்தத்தின் பிற்பகுதியில் இடிமேகம் திரளும்போது பையனை வீட்டுக்குள் அழைத்து, ஜன்னல்களை மூடிவிடுங்கள். புயல் கடந்ததும் திறந்துகொள்ளலாம்.

அந்த மஞ்சள் பொடி

உங்கள் வீட்டு வாதத்தில் இருவர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. வசந்தத்தில் ஜன்னல் விளிம்பிலும் காரின் மேலும் படிந்து, மழைக்குப் பின் குட்டைகளின் ஓரத்தில் மஞ்சள் வளையமாகக் காயும் பொடி பெரும்பாலும் பைன் மரங்களின் மகரந்தம். கந்தகம் என்று அதைத் தவறாக எண்ணியவர்கள் உலகெங்கும் உண்டு. ஆகவே ஆலைமீது புகார் கொடுக்கும்போது இந்தப் பொடியைச் சான்றாக வைக்காதீர்கள். பைன் மகரந்தத்தின் இருபுறமும் இரண்டு காற்றுப்பைகள் இருக்கும். சாதாரண நுண்ணோக்கியில் ஒரே பார்வையில் அடையாளம் தெரிந்துவிடும். அந்த ஒரு சான்று விழுந்தால் உங்கள் உண்மையான குறையும் அதோடு சேர்ந்து ஒதுக்கப்படும்.

உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி படிகிற பைன் மகரந்தம் ஒவ்வாமை உண்டாக்குவது குறைவு. தொல்லை தருபவை பிர்ச், ஓக் போன்ற மரங்களும், வசந்தத்தின் பின்பகுதியில் புற்களும் விடும் சிறிய மகரந்தங்கள். உலர்ந்த, மிதமான காற்று வீசும் நாட்களில் அவை அதிகமாகப் பறக்கின்றன. எது உங்கள் மகனுக்கு ஆகவில்லை என்பதை ஒவ்வாமைப் பரிசோதனை காட்டிவிடும், ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மூக்கொழுகலும் கண் அரிப்பும் இருமலோடு சேர்ந்து வந்தால் மகரந்தத்தின் பங்கு கூடுதல் என்று எண்ணலாம். சளிக்காய்ச்சலோடு தொடங்கிய இருமல் என்றால் வைரஸ்தான் முதல் சந்தேகம். குழந்தைகளின் ஆஸ்துமா எந்தப் பருவத்திலும் அதனால் தூண்டப்படுவது மிகச் சாதாரணம்.

செயலியின் பச்சை நிறம்

செயலி பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்க நினைக்கும் கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். காற்றுத் தரக் குறியீட்டில் மகரந்தம் சேர்க்கப்படுவதில்லை. பெரும்பாலான குறியீடுகள் பல மணி நேரச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுவதால், காலையில் அரை மணி நேரம் ஏறி இறங்கும் மாசு அந்தச் சராசரியில் கரைந்துவிடும். அளவீட்டு நிலையம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தால், அது சொல்வது அந்தப் பக்கத்துக் காற்றைப் பற்றி. நிறங்களும் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவோ விட்டமுள்ள) நுண்துகள் இருந்தால், இந்தியக் குறியீட்டில் அது ‘திருப்திகரம்’. அமெரிக்கக் குறியீட்டில் அதே அளவு நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் கேடானது என்ற வகையில் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்கான 24 மணி நேர வரம்பு 15 மைக்ரோகிராம்தான். ஆகையால் நிறத்தை விட்டுவிட்டு, பிஎம் 2.5, ஓசோன் இரண்டின் மணிவாரி அளவுகளைப் பாருங்கள். ஓசோனுக்கு எட்டு மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராம் என்பது அந்த நிறுவனத்தின் வரம்பு.

கிராமத்துக்குக் குடிபோவது

இந்த யோசனையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள் என்பதே என் கருத்து. வாகன நெரிசலுக்கு அருகே வெளியாகும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைச் சிதைத்துவிடும். அதனால் ஓசோன் பல சமயங்களில் நகர மையத்தைவிட, நகரக் காற்று போய்ச் சேரும் சுற்றுப்புறக் கிராமங்களில் அதிகமாக இருக்கிறது. வயல்களுக்கு வசந்தத்தில்தான் உரமும் சாணக் கழிவும் இடப்படுகின்றன. அவற்றிலிருந்து எழும் அம்மோனியா, வாகனங்களின் நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து உண்டாகும் நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் என்னும் நுண்துகளாகிறது. வெப்பம் மிகுந்தால் இது ஆவியாகிவிடும். வசந்தத்தின் குளுமையான, காற்றசையாத நாட்களில் அப்படியே தங்கிவிடும். 2014 மார்ச்சில் பாரிஸ் நகரம் பல நாட்கள் புகைமூட்டத்தில் ஆழ்ந்து, மார்ச் 17 அன்று ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் முறையில் வாகனங்களைக் கட்டுப்படுத்த வேண்டிவந்தபோது, அந்தப் புகைமூட்டத்தில் பெரும் பங்கு இத்தகைய துகள்களுக்கு இருந்தது. நகரத்தின் மாசும் வயலின் மாசும் சேர்ந்தே இது உண்டாவதால், இரண்டில் ஒன்றிலிருந்து விலகிப் போய்விட்டதாக நினைப்பது முழுத் தீர்வாகாது. போதாக்குறைக்குப் புல் மகரந்தம் அங்கே அதிகம். பையனுக்குப் புல் ஒவ்வாமை இருப்பது பரிசோதனையில் தெரிந்தால், சேமிப்பைச் செலவழித்துத் தொல்லைக்கு அருகே குடிபோனதாகிவிடும்.

விளையாட்டும் ஜன்னலும்

கால்பந்தை நிறுத்த வேண்டாம். ஓடியாடுவது ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் நல்லது. நண்பர்களோடு ஆடுவதை இழப்பது ஒன்பது வயதில் சிறிய இழப்பு அல்ல. ஓசோன் ஏறும் நாட்களில் மட்டும் பயிற்சியை முற்பகலுக்கோ உள்ளரங்கத்துக்கோ மாற்ற முடியுமா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். எந்த அறிகுறிக்கு என்ன செய்வது என்று சொல்லும் ஓர் ஆஸ்துமா செயல்திட்டத்தை மருத்துவரிடம் எழுத்துவடிவில் வாங்கி, அதன் நகலையும் நிவாரண இன்ஹேலர் ஒன்றையும் பள்ளியில் கொடுத்துவைப்பது அவசியம். அந்த இன்ஹேலர் பெட்டியில் பூட்டப்படாமல் மைதானத்துக்குக் கூடவே வர வேண்டும் என்று வலியுறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஜன்னலுக்கு எல்லா வகையிலும் பாதுகாப்பான நேரம் என்று ஒன்றில்லை. விடியலில் புகை, நடுப்பகலில் மகரந்தம், பிற்பகலில் ஓசோன். உங்கள் ஊரின் அமைப்பை வைத்துப் பார்த்தால், மடங்கிக் கிடந்த புகைப்பட்டை கலைந்த பிறகு முற்பகலில் ஒரு மணி நேரமும், நல்ல மழைக்குப் பிறகும் திறப்பது பொருத்தமாக இருக்கும். துணிகளை வெளியே உலர்த்த வேண்டாம். பையன் படுக்கும் முன் தலையோடு குளிக்கட்டும், முடியில் ஒட்டிய மகரந்தம் தலையணைக்குப் போகாமலிருக்கும். படுக்கையறையில் நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உதவும், ஆனால் ஓசோனை வெளியிடும் வகையை வாங்கிவிடாதீர்கள். என்95 முகக்கவசம் துகள்களைத் தடுக்கும்; ஓசோனைத் தடுக்காது, சிறுவர் முகத்துக்குச் சரியாகப் பொருந்துவதும் அரிது.

ஆலைமீது புகார்

மஞ்சள் பொடியை விட்டுவிட்டாலும் ஒன்பது மணி நெடியை நான் தள்ளிவிட மாட்டேன். உயரமான புகைபோக்கியிலிருந்து இரவில் வெளியேறும் புகை, அடைபட்ட குளிர்காற்றுக்கு மேலே தனியாக மிதந்துகொண்டிருக்கும். காலை வெயிலில் தரை சூடாகி, காற்றின் கலக்கம் மெல்ல மெல்ல அந்த உயரத்தை எட்டியவுடன், மேலே மிதந்த புகை மொத்தமாகக் கீழே இறங்கும். சிறிது நேரத்தில் நீர்த்துப் போய்விடும். நீங்கள் எழுதியிருக்கும் நேரமும் கால அளவும் இதோடு பொருந்துகின்றன. ஆலையில் கந்தகம் கலந்த எரிபொருள் எரிக்கப்பட்டால் அந்தக் காட்டம் சல்ஃபர் டை ஆக்சைடாக இருக்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாயைச் சுருங்கவைக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இந்த வாயுவுக்கு 24 மணி நேர வரம்போடு, 500 மைக்ரோகிராம் என்று ஒரு பத்து நிமிட வரம்பையும் வைத்திருக்கிறது.

புகார் எடுபட வேண்டுமானால் நான்கு வாரங்கள் ஒரு நாட்குறிப்பு எழுதுங்கள். நெடி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பள்ளிக் கொடிக்கம்பத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தது, முந்திய இரவு வானம் தெளிந்திருந்ததா, மழை இருந்ததா என்பவை போதும். அதே பக்கத்தில் பையனின் இருமலையும், மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரின் காலை மாலை அளவையும் குறித்து வாருங்கள். பள்ளியிலுள்ள இன்னும் சில பெற்றோர் தனித்தனியாக எழுதினால் அதன் மதிப்பு கூடும். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திடம் நாள் சராசரியைக் கேட்காமல் மணிவாரி அளவுகளை எழுத்து மூலம் கேளுங்கள். இத்தகைய தகவலைப் பெறும் உரிமை பல நாடுகளின் சட்டத்தில் இருக்கிறது. ஆலையில் வேலை செய்பவர்கள் உங்கள் அண்டை வீட்டாராகவும் இருப்பார்கள் என்பதால், முதல் கடிதத்தில் குற்றச்சாட்டைத் தவிர்த்து, அளவீடு கேட்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆலை முற்றிலும் குற்றமற்றது என்று தெரியவந்தாலும் அந்த நாட்குறிப்பு வீணாகாது. மகனின் மருந்தைத் தீர்மானிக்க அது உங்கள் மருத்துவருக்கு உதவும்.

உங்கள் மாமியாருக்கு மகரந்தம் பெரிய விஷயமல்ல, நுண்துகள்தான் ஆபத்து. அவை நுரையீரல் வழியே இரத்தத்தையும் பாதித்து மாரடைப்புக்கு வழிவகுக்கக்கூடும். நடைப்பயிற்சியை விடியலிலிருந்து முற்பகலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பல ஆண்டுப் பழக்கத்தை மாற்றச் சொல்வது எளிதல்ல என்று அறிவேன். மருமகள் சொல்வதைவிட அவருடைய இதய மருத்துவர் சொன்னால் கேட்பார் என்றால், அடுத்த பரிசோதனையில் அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

பையனால் ஒரு முழு வாக்கியத்தைத் தடங்கலின்றிப் பேச முடியாவிட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நிவாரண இன்ஹேலர் கொடுத்தும் தணியாமலோ தணிந்து சற்று நேரத்தில் மீண்டும் இளைப்பு வந்தாலோ, காற்றின் அளவையோ நாட்குறிப்பையோ பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர ஊர்தியை அழையுங்கள். அது வரும்வரை பையனை நிமிர்ந்து உட்காரவைத்து, செயல்திட்டத்தில் மருத்துவர் எழுதித் தந்த அளவில் ஸ்பேசர் மூலம் நிவாரண மருந்தைக் கொடுத்துக்கொண்டிருங்கள்.